கிருமியே இல்லாத எலி

கேள்வி: ஊட்டியில் விலங்கியல் படிக்கும் மகள், பாக்டீரியாவே இல்லாத எலிகளை ஆய்வகத்தில் வளர்ப்பதாகச் சொல்கிறாள். அவற்றுக்குக் குடல் புண்ணே வராதாமே, நிஜமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: பாதி நிஜம். இன்டர்லூகின்-10 என்று அழற்சியை அடக்கும் ஒரு புரதம் உண்டு. அதற்கான ஜீனை நீக்கிய எலிகளுக்குச் சாதாரணக் கூண்டில் பெருங்குடல் வீங்கிப் புண்ணாகும். அதே எலியைக் கிருமி அண்டாத கூடாரத்தில் வளர்த்தால் வராது. அதற்காக பாக்டீரியாதான் வில்லன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! கிருமியில்லா எலிக்குப் பெருங்குடலின் தொடக்கப் பை பலூன் மாதிரி உப்பிக் கிடக்கும், எதிர்ப்புச் சக்தியும் சரியாக வளராது.

எந்த பாக்டீரியா, அதற்கு என்ன தீனி என்பதில்தான் விஷயமே. சில கிளாஸ்ட்ரிடியா வகைகள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கின்றன, பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள், அழற்சியை அடக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி செல்களும் அதனால் பெருகுகின்றன. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், மனிதக் குடல் பாக்டீரியாவைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத தீனி போட்டார்கள். பசித்த பாக்டீரியா குடலைக் காக்கும் சளிப் படலத்தையே தின்ன ஆரம்பித்தது, அப்புறம் நோய்க்கிருமிக்குக் கேட்கவா வேண்டும்? எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் ஊர் கேரட், பீன்ஸை எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கே ஏற்றிவிடாமல் வீட்டிலும் கொஞ்சம் சமையுங்கள்.