பத்துப் பேருக்கு ஒரு கிரகணம்

வானம் தொடர்பாக வந்த கேள்விகளில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்களுடையவை இந்த முறை.

2027 ஆகஸ்ட் 2 சூரிய கிரகணத்தை நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து பார்க்க நினைக்கிறோம். ஆளுக்கொரு கிரகணக் கண்ணாடி வேண்டுமா? வெல்டிங் கண்ணாடி போதுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

எகிப்தின் லக்ஸர் அருகே 6 நிமிடத்துக்கு மேல் சூரியனை முழுசாக மறைக்கப்போகும் கிரகணம் அது. நமக்குக் கிடைப்பது மாலை வெயிலில் ஒரு பகுதி கிரகணம் மட்டும். பகுதி கிரகணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்பதால் பத்துப் பேருக்கு நாலு கண்ணாடி தாராளம். சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான சர்வதேசத் தர எண் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்டிருக்கும். அச்சை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு ட்யூப்லைட்டைப் பாருங்கள், ஒன்றுமே தெரியக்கூடாது. கீறலோ ஊசி ஓட்டையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். சிறுவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றே: தலையைக் குனிந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.

வெல்டிங் கண்ணாடியில் 14ஆம் நம்பர் (கருமையின் அளவு) சரி. ஓசூர்ப் பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்கும் 10, 11 சூரியனுக்குப் போதாது. எக்ஸ்ரே ஃபிலிம், சி.டி., புகை படிந்த கண்ணாடி எதுவும் வேண்டாம். வெளிச்சம் குறைந்தது போலத் தெரியும். அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் கெட்டது அப்போதைக்குப் புரியவும் புரியாது. சாணி கரைத்த தண்ணீரில் பார்ப்பதும் இதே கணக்குதான்.

கண்ணாடியே இல்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க வழி உண்டா?
– ஆசிரியை, பாலக்கோடு

உண்டு. கூட்டத்துக்கு அதுதான் நல்லது என்பேன், ஏனென்றால் ஒருவரும் சூரியன் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. சட்டைப்பையில் வைக்கும் சின்ன முகக் கண்ணாடி ஒன்று போதும். அதன்மேல் பழுப்புத் தாள் ஒட்டி, நடுவில் 1 செ.மீ. ஓட்டை போடுங்கள். மணல் நிரப்பிய டம்ளரில் சாய்த்துச் செருகி வெயிலில் வைத்து, அதிலிருந்து தெறிக்கும் ஒளியை இருட்டாக்கிய அறையின் வெள்ளைச் சுவரில் விழவிடுங்கள். சுவரில் தெரிவது சூரியனின் பிம்பம்தான். ஓட்டை வட்டமோ சதுரமோ கவலையில்லை.

பெரும்பாலும் சொதப்புவது தூரத்தில். பிம்பத்தின் அகலம் தூரத்தில் ஏறக்குறைய 110இல் ஒரு பங்கு. 20 மீட்டரில் 18 செ.மீ. வரும், கடித்த இடம் பளிச்சென்று தெரியும். 5 மீட்டரில் நாலரை செ.மீ.தான், அதிலும் ஓட்டையின் அகலமே மங்கலாகச் சேர்ந்துவிடும். பள்ளி வராந்தா நீளம் போதவில்லையென்றால் ஓட்டையை 5 மி.மீ. ஆக்கி 10 மீட்டரில் நிறுத்துங்கள். வெளிச்சம் குறையும், ஆகவே ஜன்னல்களைப் போர்வையால் மூடவேண்டும்.

அடுத்தது வாசல். அன்று மாலை 5 மணிக்கு நம் பகுதியில் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே ஒதுங்கி, ஏறத்தாழ 23 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கு பார்த்த வாசல் இருந்தால் முற்றத்தில் வெயிலும் கிடைக்கும், ஒளியை உள்ளே திருப்புவதும் சுலபம். மேற்கு வாசலில் கண்ணாடியை மிகவும் சரித்து வைக்க நேர்ந்து ஒளி வீணாகும். பிம்பம் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும், எனவே டம்ளர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். ஒளி தலைக்கு மேலே போகும்படி வையுங்கள். அறையிலிருந்து யாரும் அந்தக் கண்ணாடியை உற்றுப் பார்க்கக்கூடாது.

ஆகஸ்ட் மாதம் மேகத்துக்குப் பெயர் போனது. இடைவெளி கிடைத்தால் சாலையோரப் புளியமரத்தடிக்குப் போங்கள். இலையிடுக்கில் விழும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் பிறையாக இருக்கும். மாமரத்துக்கு இலை அடர்த்தி, அவ்வளவு பொட்டு விழாது. சாய்ந்த வெயிலில் தரையில் பொட்டுகள் நீண்டுவிடும். வெள்ளை அட்டையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் சரியான வடிவம் வரும்.

2028 டிசம்பர் 31 இரவு முழு சந்திர கிரகணமாமே? காட்டுப் பக்கம் போகவேண்டுமா?
– வாசகர், ஓசூர்

மொட்டை மாடி போதும். நிலவு ஊர் விளக்குக்கு மங்காது. கண்ணுக்கும் எந்தப் பாதுகாப்பும் வேண்டாம். இரவு 8:37க்கு ஓரம் கறுக்கத் தொடங்கும். 9:46 முதல் 10:58 வரை நிலவு முழுதும் செம்பு நிறம். 12:06க்கு முடிகிறது. புத்தாண்டு வாணவேடிக்கைப் புகை எழும்போது ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். கேக் வெட்டப் போகிறவர்களுக்குக் கடைசி ஆறு நிமிடம்தான் நட்டம். 7:30க்கே புறநிழல் (பூமி நிழலின் வெளிறிய வெளிப்பகுதி) படுகிறது என்றாலும் அப்போது கூப்பிட்டால், "ஒண்ணும் தெரியலையே" என்று பாதிப்பேர் கீழே இறங்கிவிடுவார்கள். எட்டரைக்கு வரச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் நிலவு கிழக்கே 37 பாகை உயரத்தில் இருக்கும், முடியும்போது உச்சிக்குப் பக்கம் போய்விடும். நாற்காலி போட்டால் கழுத்து போய்விடும். பாயும் தலையணையும் கொண்டு வாருங்கள். மார்கழிப் பனியில் பைனாகுலர் லென்ஸ் மூடிக்கொள்ளும். துண்டால் தேய்த்தால் கீறல்தான் மிச்சம். பார்க்காத நேரத்தில் மூடி போட்டு, முகப்பைக் கீழ்நோக்கி வையுங்கள்.

தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி பக்கம் இரவில் வெளியே உட்காரவே வேண்டாம். ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் வயலுக்கு வரும்.

இருட்டு தேவைப்படுவது அதே டிசம்பர் 13 இரவு, ஜெமினிட் எரிகல் பொழிவுக்கு. அமாவாசை நெருங்கிய நாள் என்பதால் தேய்பிறைக் கீற்று விடியலில்தான் வரும். ஓசூரில் பெங்களூரு வெளிச்சம் வடமேற்கு வானத்தை வெளுக்கிறது. அரூர், தீர்த்தமலை பக்கம் தெரிந்தவர் தோட்டத்து வீடு கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து அதிக தூரமில்லாத ஜவ்வாது மலைக் காவலூரில்தான் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. எரிகல் பொழிவுக்கு நள்ளிரவுக்கு மேல் 2 மணி சுமாருக்குத்தான் உச்சம். அரைமணி நேரம் போனைத் தொடாமல் இருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும்.

செம்பு நிலவைப் போனில் எடுத்தால் வெள்ளைப் பொட்டாக வருகிறதே?
– கல்லூரி மாணவர், தருமபுரி

தானியங்கிக் கணக்கு சுற்றியுள்ள கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. ப்ரோ மோடில் (அளவுகளை நாமே வைக்கும் முறை), ஸ்டாண்டில் வைத்து, 3 வினாடி டைமரோடு எடுங்கள். முழு நிலவுக்கு ஐ.எஸ்.ஓ. (இங்கே கேமராவின் ஒளி உணர்திறன்) 100, 1/250 வினாடியில் தொடங்கிப் பாருங்கள். முழுதும் மறைந்த பிறகு ஐ.எஸ்.ஓ. 800, 1 வினாடி வரை போகலாம்.

கிரகண நேரத்தில் சாப்பிடலாமா?
– வாசகி, ஊத்தங்கரை

தாராளமாக. மாடிக்குச் சுண்டல் கொண்டு போங்கள்.

புதன் சூரியனைக் கடப்பதை அதே கிரகணக் கண்ணாடியில் பார்க்க முடியுமா?
– வாசகர், பர்கூர்

முடியாது. 2032 நவம்பர் 13 பகல் 12:11 முதல் மாலை 4:37 வரை அது நடக்கும். புதனின் பொட்டு சூரியன் அகலத்தில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்குதான், வெறுங்கண்ணுக்கு அகப்படாது. தொலைநோக்கி வேண்டும், சூரிய வடிகட்டி அதன் முன்முகத்தில் பொருத்தியிருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கம் திருகும் சின்ன வடிகட்டிகள் சூட்டில் வெடிக்கும். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே ஆபத்து.