பிச்சியை அழித்தால் மல்லிக்கு 5 கிலோ!

கேள்வி: தோவாளையில் பூக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்காக ரியாக்ட்டில் (React, வலைப்பக்கம் செய்ய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு ஆர்டர் பக்கம் செய்தேன். பூவின் பெயர், பக்கத்தில் கிலோ அடிக்க ஒரு டெக்ஸ்ட் பெட்டி. நடுவில் ஒரு வரிசையை அழித்தால் கிலோ வேறு பூவுக்குத் தாவிவிடுகிறது. மொத்தக் கிலோவைக் கூட்டவும் வழி தெரியவில்லை. எழுதிய கோட் (code) முழுவதையும் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், தோவாளை

பதில்: உங்கள் கோட் முழுவதையும் பார்த்தேன். கிலோவை ஒவ்வொரு வரிசையும் தன் யூஸ்ஸ்டேட்டில் (useState, ரியாக்ட் மதிப்பை நினைவில் வைக்கும் இடம், சுருக்கமாக ஸ்டேட்) தானே வைத்திருக்கிறது, மேலே மேப் (map) போட்டு வரிசைகளை உருவாக்கும் இடத்தில் கீ-யாக (key, ஒரு வரிசையை ரியாக்ட் அடையாளம் காணும் பெயர்) இண்டெக்ஸைக் (0-விலிருந்து எண்ணும் வரிசை எண்) கொடுத்திருக்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் வம்புதான்.

பிச்சி 5, மல்லி 10, அரளி 2 என்று அடித்துவிட்டுப் பிச்சியை அழித்துப் பாருங்கள். பெயர்கள் மேலிருக்கும் கம்போனென்ட்டிலிருந்து (வரிசைகளை உள்ளே வைத்திருக்கும் பகுதி) வருவதால் ஒழுங்காக மேலே ஏறிவிடும், கிலோ ஏறாது. ரியாக்ட்டுக்குப் பிச்சியும் தெரியாது மல்லியும் தெரியாது, கீ மட்டும்தான் தெரியும். முன்பு 0, 1, 2 இருந்தது, இப்போது 0, 1 இருக்கிறது, அப்படியானால் போனது 2 என்று கடைசி வரிசையைத் தூக்கிவிட்டு, 0-க்குள் இருந்த 5-ஐத் தொடாமல் விட்டுவிடும். மல்லிக்கு 5, அரளிக்கு 10. சித்தப்பா திட்டாமல் என்ன செய்வார்?

வரிசையைச் சேர்க்கும்போதே அதற்கு ஒரு ஐடி கொடுத்து, அதையே கீ-யாகப் போடுங்கள். சிலர் ரெண்டர் ஆகும் (ரியாக்ட் பக்கத்தைத் திரும்ப வரையும்) இடத்திலேயே கீ-யாக மேத்.ரேண்டம் (Math.random, ஒவ்வொரு முறையும் புது எண் தருவது) போடுவார்கள், அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு ரெண்டருக்கும் பெட்டி புதிதாக உருவாகும், ஒரு எழுத்து அடித்ததும் கர்சர் காணாமல் போகும்.

அப்புறம் அந்தக் கிலோ. அதை மேலே கொண்டுபோய், பெயர் இருக்கும் அதே அரேயில் (array, பட்டியல்) வையுங்கள். வரிசைக்கு வேல்யூவும் (value, பெட்டியில் காட்டும் மதிப்பு) ஆன்சேஞ்சும் (onChange, அடித்ததை மேலே சொல்லும் ஃபங்ஷன்) மட்டும் போதும். ஆரம்ப மதிப்பு வெற்று ஸ்ட்ரிங்காக ("") இருக்கட்டும், அன்டிஃபைன்டாக (undefined, மதிப்பே இல்லாமல்) விட்டால் முதல் எழுத்திலேயே பிரவுசரின் கன்சோலில் மஞ்சளோ சிவப்போ ஏதாவது கத்தும்.

மொத்தத்துக்கென்று தனி ஸ்டேட் வேண்டாம், ரெண்டரில் கூட்டினாலே வந்துவிடும். ஆனால் பெட்டியிலிருந்து வருவது எண் அல்ல, எழுத்து. 0-விலிருந்து கூட்டத் தொடங்கினால் 10-ம் 2-ம் சேர்ந்து 0102 என்று வந்து நிற்கும். அதற்காக அடிக்கும்போதே எண்ணாக மாற்றினால் 1.5 அடிக்கவே முடியாது, புள்ளி வைத்த உடனே ரியாக்ட் அதை விழுங்கிவிடும். ஸ்டேட்டில் எழுத்தாகவே இருக்கட்டும், கூட்டும் இடத்தில் மட்டும் Number() போட்டு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.