பேன்ட்டுக்கு மேல் ஜட்டி, சேலைக்கு மேல் சட்டை

அன்புள்ள சார்,

கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய டீச்சராக இருக்கிறேன். (என் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம்.) ஆண்டுவிழாவுக்காக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "நம்ம மலைக்கு ஒரு சூப்பர் ஹீரோ" வரையச் சொன்னோம். கடைசிச் சுற்றில் இரண்டு படங்கள் நின்றன. ஒன்று ஒரு பெண் வரைந்தது. தலையில் காட்டெருமைக் கொம்பு, நெஞ்சில் வரையாடு, முதுகில் எங்கள் மலைப் பழங்குடியான தோடர்களின் பூ வேலை போட்ட கேப் (தோளிலிருந்து தொங்கும் துணி), இடுப்பில் மலை ரயிலின் சக்கரம், குறிஞ்சிப்பூ நிறத்தில் பேன்ட். உழைப்பு என்றால் அப்படி ஒரு உழைப்பு. இன்னொன்று ஒரு பையன் வரைந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தன் அம்மாவை அப்படியே வரைந்து கீழே "சூப்பர் அம்மா" என்று எழுதிவிட்டான். என்னோடு நடுவராக இருந்த ஆசிரியர், "இது வேலைக்குப் போற உடுப்பு, காஸ்ட்யூமே இல்லை" என்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை. நீங்கள் காமிக்ஸ் பைத்தியம் என்று தெரியும். நல்ல சூப்பர் ஹீரோ உடை என்றால் என்ன? இப்போது படங்களில் வரும் தோலும் தையலும் கவசமுமான உடைகளைப் பார்த்தால் பழைய காமிக்ஸ் உடைகள் சிரிப்பாக இருக்கின்றனவே? இரண்டு படங்களையும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

*

அன்புள்ள டீச்சர்,

படங்களைப் பார்த்தேன். பரிசைப் பையனுக்குக் கொடுங்கள். உங்கள் சக நடுவர் கோபித்துக்கொண்டால் என்னைக் கைகாட்டிவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து அத்தனை வளைவும் திரும்பி அவர் குன்னூர் வந்து சேர்வதற்குள் பாதிக் கோபம் வாந்தியாகப் போயிருக்கும்.

என் தாய்மாமா குன்னூரில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். பள்ளி விடுமுறையில் அவருக்குப் பெயின்ட் டப்பா தூக்கியிருக்கிறேன். ஒரு போர்டு முடிந்ததும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். அது போதாதென்று மிஸ்ட் இறங்கும்வரை ஒரு டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்து மறுபடி பார்ப்பார். ஒருமுறை ஒரு துணிக்கடைக்காரர் சொல்கிறாரே என்று எழுத்துக்கு நிழல், நிழலுக்கு ஓரம், ஓரத்துக்குப் பூ என்று போட்டுக் கொடுத்தார். கிட்டே நின்று பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் சுவரில் ஏதோ கறை என்றுதான் தெரிந்தது. பாதிக் கூலிதான் கிடைத்தது. "பனியில எது மிச்சமோ அதுதாண்டா போர்டு" என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

காமிக்ஸ் உடைகளைப் பற்றிப் பிறகு நான் படித்தவை எல்லாவற்றையும் மாமாவின் இந்த வசவில்தான் கொண்டுபோய் மாட்டுகிறேன். அமெரிக்க காமிக்ஸுக்கும் ஒரு மூடுபனி இருந்தது. அது அச்சு. நம் வாசகர்கள் சாணித்தாள் என்பார்களே, கிட்டத்தட்ட அந்தத் தாள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று மை. ஒவ்வொன்றும் இல்லை, கால், அரை, முழுசு என நாலு அளவில். பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 64 நிறம், அதிலும் பாதி சேறு. மை தாளில் ஊறிப் பரவும், ஒரு நிறம் இன்னொன்றின்மேல் சரியாக உட்காராமல் கோட்டை விட்டு விலகும். 1962ல் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறமாகத்தான் வந்தான். அந்தச் சாம்பல் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக விழுந்ததால் இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பச்சை அச்சகத்தின் முடிவு. பேட்மேனின் கறுப்பு கேப் நீலமாகிப்போன கதையும் இதேதான். கறுப்பில் மடிப்பு காட்ட நீலத்தைத் தொட்டார்கள், தொட்ட நீலம் வருஷாவருஷம் ஊர்ந்து கறுப்பைத் தின்றுவிட்டது.

இனி நீங்கள் சிரிக்கும் ஜட்டிக்கு வருகிறேன். 1938ல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை இறக்கியபோது அந்த ஊர் வாசகர்களுக்கு அது சர்க்கஸ் பயில்வானின் உடுப்பு. பார்த்ததும் "பலசாலி" என்று புரிந்துவிடும். நம் கண்ணுக்குத்தான் அது பேன்ட்டுக்கு மேல் ஜட்டி. ஆனால் ஓவியராக ஒரு நிமிஷம் யோசியுங்கள். கழுத்திலிருந்து பூட்ஸ் வரைக்கும் ஒரே நீலம். அந்த உடம்பு பறக்கும்போது, குப்புற விழும்போது, கட்டைவிரல் அளவில் வானத்தில் தெரியும்போது மேல்பாதி எது, கால் எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் காட்டுவீர்கள்? நடுவில் ஒரு சிவப்பு, அதன்மேல் ஒரு மஞ்சள் பெல்ட். உடம்பு அங்கே மடங்குகிறது என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும். 2011ல் சூப்பர்மேனை வெளியிடும் டிசி கம்பெனி அதைக் கழற்றிப் பார்த்தது. நீல பைஜாமா போட்டவர் போல ஆகிவிட்டார் பாவம். 2018ல் ஆக்‌ஷன் காமிக்ஸின் ஆயிரமாவது இதழில் ஜட்டி திரும்பி வந்தது. 2025ல் வந்த படத்திலும் இருக்கிறது.

படங்களின் தோலும் தையலும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே ஒரு உடையைத் தைத்து மாட்டிவிட்டால் போதும், மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். காமிக்ஸில் ஒரு மனிதர் மாதாமாதம் இருபது சொச்சம் பக்கத்தில், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டத்தில் அந்த உடையை முதலிலிருந்து கையால் வரைய வேண்டும். ஒவ்வொரு தையலும் அவர் விரல் வலி.

நமக்கு இதில் வேறு ஒரு அனுபவம் இருக்கிறது. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அட்டைதான் கலர், உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் நாயகர்களை நிறமில்லாமலே அடையாளம் கண்டார்கள். முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1962ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர். ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். யோசித்துப் பாருங்கள், டீச்சர். முகமில்லை, உடம்பில்லை, நிறமில்லை, துணியே இல்லை. ஒரு கை. அது கதவைத் திறந்தால் யார் வந்திருக்கிறார் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். உலகத்தின் மிகச் சிறந்த சூப்பர் ஹீரோ உடை எது என்று என்னைக் கேட்டால் நான் சொல்வது இதைத்தான். அமெரிக்க நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

வேதாளர் என்றும் மாயாவி என்றும் (இரும்புக்கைக்காரர் இல்லை, இவர் வேறு ஆள்) தமிழில் வந்த ஃபாண்டம் நிறத்தைப் பற்றிய நல்ல வேடிக்கை. 1936ல் லீ ஃபாக் அவரை உருவாக்கியபோது மனசில் இருந்தது சாம்பல் நிறம். தினசரியில் கறுப்பு வெள்ளை என்பதால் யாரும் கவலைப்படவில்லை. 1939ல் ஞாயிறு இணைப்பில் கலர் வந்தபோது ஊதாவாகிவிட்டார். ஸ்வீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு. காட்டில் ஒளிந்து வாழும் மனிதருக்கு ஊதாவில் உடுப்பு! குறிஞ்சி பூக்கும் வருஷத்தில் நம் மலையில் மட்டும் அது சரிப்படும். இருந்தும் மூன்று நாட்டிலும் அவர் அவராகவே இருக்கிறார். தலையை ஒட்டிய முக்காடு, கோடு போட்ட ஜட்டி, மண்டையோட்டு மோதிரம், எல்லாவற்றுக்கும் மேலாக முகமூடிக்குள் கருவிழியே தெரியாத அந்தக் கண். கிரேக்கச் சிலைகளின் கண்ணைப் பார்த்து எடுத்த யோசனை என்று ஃபாக் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த எத்தனையோ முகமூடிகளுக்குள் இருப்பது அந்த வெள்ளைக் கண்தான்.

எடுத்து வீசத் தெரிவதும் இதில் பெரிய கலை. பேட்மேனை பாப் கேன் முதலில் வரைந்தபோது சிவப்பு உடுப்பு, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இரண்டு சிறகு. கதை எழுதிய பில் ஃபிங்கர் பார்த்துவிட்டு, சிறகை எடுத்துவிட்டு கேப் போடு, தலைக்குக் காது வைத்த முக்காடு போடு, சிவப்பை எடு என்றார். 1939ல் அச்சில் வந்தது ஃபிங்கர் திருத்திய உருவம். விறைத்த சிறகு ஒரே கோணத்தில் நிற்கும். துணி அப்படியில்லை, கோபத்தில் விரியும், மழையில் சோரும், கூரைமேல் உட்கார்ந்தால் உடம்பையே மூடி மலையாகிவிடும். இதையெல்லாம் சொன்னவர் பெயர் 2015 வரை அதிகாரபூர்வமாகப் போடப்படவில்லை. மாமா எழுதிய போர்டுகளின் மூலையிலும் அவர் பெயர் கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பைடர்மேன் இந்தச் சட்டம் எதற்கும் அடங்குவதில்லை. 1962ல் ஸ்டீவ் டிட்கோ போட்ட உடையில் தலையிலிருந்து இடுப்புவரை வலைக்கோடு. வரைபவருக்கு நரகம். ஆனாலும் அறுபது வருஷமாக வரைகிறார்கள். காரணம் அந்த முகமூடி என்று நினைக்கிறேன். வாய்கூடத் தெரியாமல் முழு முகத்தையும் மூடிவிட்டார். உள்ளே இருப்பது பள்ளிக்கூடப் பையன் என்பது வெளியே தெரியக்கூடாது என்பது டிட்கோவின் கணக்கு. அதனால் உள்ளே எந்த ஊர்ப் பிள்ளையும் தன்னை வைத்துக்கொள்ளலாம். 1984ல் அவருக்கு வந்த கறுப்பு உடைக்கு மூல யோசனை ஒரு வாசகருடையது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் கம்பெனி அந்த வாசகருக்கு 220 டாலர் கொடுத்தது. வாசகர் கடிதத்துக்குக் காசு! இங்கே அந்த வழக்கம் இல்லை, டீச்சர், எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் படத்துக்கு வருகிறேன். கை நல்ல கை. கொம்பின் வளைவை ஒரே இழுப்பில் போட்டிருக்கிறாள், அழித்து எழுதிய தடம் இல்லை. ஆனால் கொம்பும் ஆடும் பூவும் ரயிலும் சேர்ந்தால் அது ஊட்டியில் விற்கும் பிக்சர் போஸ்ட்கார்டு. ஐந்தில் நாலை எடுக்கச் சொல்லுங்கள். நான் கொம்பை வைத்துக்கொள்வேன். நிழலாகப் பார்த்தாலே தெரிகிறது.

அந்த கேப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோடர்களின் புத்துக்குளி அது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் மட்டும். நூலை எண்ணி எண்ணிப் போடும் வேலை. ஆணும் பெண்ணும் போர்த்துகிறார்கள். 2013ல் அந்தப் பூ வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எதிர்மலைச் சரிவில் ஒருவர் போர்த்திக்கொண்டு நடந்தால் இங்கிருந்தே தெரியும். நான் மேலே நீட்டி முழக்கியதையெல்லாம் அந்தப் பெண்கள் யாரும் சொல்லித்தராமலே செய்துவிட்டார்கள். ஆனால் இறந்தவரைப் போர்த்துவதும் புத்துக்குளியால்தான். பறக்கும் ஹீரோவின் முதுகில் அதைத் தொங்கவிடுவதற்கு முன் அந்தப் பிள்ளை ஒரு தோடர் வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வரட்டும். "தாராளமா போடு" என்று அவர்களே சொல்லிவிடலாம். நானோ நீங்களோ அதைச் சொல்ல முடியாது. 2004ல் ஸ்பைடர்மேனுக்கு இந்தியப் பதிப்பு வந்தபோது மேலே அதே வலை, கீழே வேட்டி. தாவும்போது வேட்டி விரிவது அழகுதான், கேப் செய்கிற வேலையை அது செய்கிறது. ஆனாலும் கடன் வாங்கிய சட்டைக்கு நம்ம ஊர் வேட்டி என்ற நினைப்பு எனக்குப் போகவே இல்லை.

இனி பையனின் அம்மா. சேலை, அதன்மேல் கணவருடைய முழுக்கைச் சட்டை, அதன்மேல் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட், தலையில் துணி, தலையிலிருந்து முதுகுக்குத் தொங்கும் பை. பேன்ட்டுக்கு மேல் ஜட்டி போட்டவரை உலகமே ஹீரோ என்கிறது, சேலைக்கு மேல் சட்டை போட்டவரை உங்கள் நண்பர் ஏன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்? பயில்வானின் உடுப்பும் வேலைக்குப் போகிற உடுப்புதானே. பனியில் தேயிலைக்கு நடுவே அந்த உருவம் இடுப்புக்கு மேல் மட்டும் மிதந்து வரும். தலையும் பையும் ஒரே கோடாக முதுகில் இறங்கும். வேறு யாருக்கும் அந்த நிழல் கிடையாது. பையன் தெரிந்து செய்தானா தெரியாமல் செய்தானா என்பது எனக்கு முக்கியமில்லை, கண் அதைப் பிடித்திருக்கிறது.

குறையும் உண்டு. பார்த்ததை விட மனசில்லாமல் சேலையின் பூ, சட்டையின் கட்டம், ஷீட்டின் மேல் எழுதியிருக்கும் உரக் கம்பெனி பெயர் எல்லாவற்றையும் போட்டிருக்கிறான். எட்டு நிறம் எண்ணினேன். இரண்டு போதும். ஷீட்டுக்கு ஒரு மஞ்சள், மிச்சத்துக்கு ஒரு கறும்பச்சை. முகத்தை அவ்வளவு பாடுபட்டு அம்மா மாதிரியே வரைய வேண்டாம். தலைத்துணியின் நிழலைக் கண்ணுக்குக் கீழே இறக்கிவிட்டால் அதுவே முகமூடி. அம்மாவுக்கு இதில் கோபம் வந்தால் முகத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டு பேரிடமும் தீப்பெட்டி அளவில் ஐம்பது கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, தங்கள் ஆளை ஐம்பது விதமாக வரையச் சொல்லுங்கள். ஓடுவது, குனிவது, திரும்பி நிற்பது, கீழே விழுவது. முப்பதாவது கட்டத்துக்குள் எதை வரையக் கை சலிக்கிறதோ அதை அவர்களே விட்டுவிடுவார்கள், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். போட்டோ வேண்டாம், தபாலில் தாளாகவே. எங்கள் வீட்டுக்கு எதிரே மாமா போர்டு சாய்த்து வைத்த சுவர் இன்னும் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு ஒட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நிற்கிறேன்.