கொதிக்கிற லாவாவுல மரத்தோட அச்சு எப்படி மிஞ்சுது?

1100 டிகிரி லாவா பட்டா மரம் அந்த நிமிஷமே சாம்பலாயிடாதா, அப்புறம் பாறையில அச்சு எப்படி விழும்னு கேட்டிருக்கீங்க. எரியறது உண்மைதான், ஆனா அந்த நிமிஷமே முழுசா எரிஞ்சு முடியாது, அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

பச்சை மரத்துல கிட்டத்தட்ட பாதி எடை தண்ணிதான். லாவா வந்து மோதினதும் அந்தத் தண்ணி ஆவியாகும், அதுக்கே ஏகப்பட்ட சூடு செலவாயிடும், அதனால மரத்தை ஒட்டி இருக்கிற லாவா சட்டுனு ஆறி ஓடு கட்டிடும். உள்ள மாட்டின மரத்துக்குக் காத்தும் சரியா கிடைக்காது, மெதுவா கரியாகி அழிஞ்சு போகும், அது நின்ன இடம் மட்டும் குழியா மிஞ்சும்.

ஹவாய் பெரிய தீவுல பஹோவா ஊர் பக்கத்துல இதுக்குன்னே ஒரு பார்க் இருக்கு. 1790ல கிலாவேயா எரிமலை லாவா ஓஹியா மரக் காட்டுக்குள்ள 3 மீட்டருக்கு மேல ஏறி நின்னுட்டு, அப்புறம் தரையில இருந்த பிளவு வழியா வடிஞ்சு போச்சு, மரத்தைச் சுத்தி முன்னாடியே உறைஞ்சது மட்டும் வடியாம தூண் தூணா நின்னுடுச்சு. தூணோட உயரத்தைப் பார்த்தே லாவா அன்னிக்கு எதுவரைக்கும் ஏறுச்சுன்னு சொல்லிடலாம்.

எல்லாரும் தூணைத்தான் போட்டோ எடுக்கறாங்க, எனக்கு என்னவோ குழிக்குள்ள பார்க்கிறதுதான் பெரிய விஷயம். அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல க்ரேட்டர்ஸ் ஆஃப் த மூன்ங்கற லாவாப் பகுதியில இருக்கிற சில குழிகளோட சுவர்ல கட்டம் கட்டமா கோடு ஓடும். மரம் கரியாகும்போது சுருங்கி வெடிக்கும் இல்லையா, அந்த வெடிப்புக்குள்ள இளகின லாவா புகுந்து அப்படியே உறைஞ்ச கோடுகள் அது. அதாவது பாறையில பதிஞ்சிருக்கறது வெறும் மரம் இல்லைங்க, எரிஞ்சிட்டிருக்கிற மரம்!

லாவாவுக்கு அடியில கரி கொஞ்சம் மாட்டியிருந்தா கார்பன் டேட்டிங் பண்ணி அது எப்போ ஓடுச்சுன்னு கண்டுபிடிக்கறாங்க, ஹவாய்ல நிறைய பழைய லாவாவுக்கு வயசு அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா இந்த முறை ஏறக்குறைய 50,000 வருஷத்தோட நின்னுடும். ஸ்காட்லாந்துல மல் தீவுல ஜான் மெக்கல்லக்ங்கற புவியியலாளர் பார்த்த மரம் 12 மீட்டர் உயரத்துக்கு நின்ன வாக்குலயே லாவாவுல புதைஞ்சது, சுமார் 6 கோடி வருஷம் முன்னாடி. அங்கெல்லாம் கரி உதவாது, சுத்தி இருக்கிற பாறையோட வயசை வச்சுத்தான் மரத்தோட காலத்தைச் சொல்ல முடியும்.