வலிக்குதா, பயமா? முட்டி வலிக்காரர்களின் கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் பதில்

அம்மாப்பேட்டையிலிருந்து தறிக்காரர் ஒருவர்: எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சம்தான் என்றார்கள், எனக்கோ உயிர் போகிறது. பிசியோவுக்குப் போனால் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். வலி முட்டியில்தானே சார்?

முட்டியில்தான் ஐயா. உங்கள் வலி நிஜம். எக்ஸ்ரேயும் வலியும் பல பேருக்கு ஒத்துப்போவதில்லை. பயமோ கவலையோ இருக்கும்போது அதே முட்டி கூடுதலாக வலிக்கும். பயந்து காலை மடக்காமலே இருந்தால் தொடைத் தசை இளைத்து, வலி இன்னும் ஏறும்.

சிக்கல் என்னவென்றால், சிலருக்குத் தன் பயம் பயமாகத் தெரியாது. படபடப்பு, வியர்வை எல்லாமே 'வலி'தான். உணர்ச்சிக்கு வார்த்தை கிடைக்காத இந்தத் தன்மைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர் அலெக்சிதைமியா. இது நோயல்ல. அளந்து பார்க்க 20 கேள்விகள் கொண்ட டொராண்டோ அளவுகோல் இருக்கிறது.

என்னிடம் வந்த ஓர் அம்மா, நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியில் மூன்றாவது தடவையே "வலிக்குது" என்று உட்கார்ந்துவிடுவார். கவனித்தேன். எழும்போது மூச்சை அடக்குகிறார், முந்தானையை இறுக்கிப் பிடிக்கிறார். "வலிக்குதாம்மா, பயமா இருக்கா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "விழுந்துருவேனோன்னு இருக்கு" என்றார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி, முன்னால் மேசையைப் போட்டேன். அன்றைக்கே பத்து தடவை எழுந்தார். அந்த ஒரு வார்த்தை வராமல் போயிருந்தால் பயிற்சியையே விட்டிருப்பார்.

ஏற்காடு எஸ்டேட்டில் வேலை செய்யும் அக்கா: இறக்கத்தில்தான் வலி அதிகம். வலித்தால் பயிற்சியை நிறுத்திவிடவா?

இறங்கும்போது முட்டிச் சில்லில் அழுத்தம் கூடும், அதனால்தான். வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? நாலைந்துக்குள் இருந்து, மறுநாளுக்குள் பழையபடி அடங்கினால் தொடரலாம். நோட்டில் வலிக்கு ஒரு மார்க், பயத்துக்குத் தனியாக ஒரு மார்க் எழுதி வாருங்கள். வலி இரண்டு, பயம் எட்டு என்று இருந்தால் முதலில் பயத்தைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். அப்புறம், வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் தடி பிடியுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு மகள்: அப்பா எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லை" என்கிறார். பயிற்சியும் செய்வதில்லை.

மனசைக் கேட்காதீர்கள், உடம்பைக் கேளுங்கள். ராத்திரி தூக்கம் வந்ததா, படி ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டதா என்று. அதற்குப் பதில் சொல்வார். பேச்சு பயிற்சிக்கு மாற்றாகாது, அவர் செய்தே ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் காலை நீட்டி மடக்குங்கள். முட்டி திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.