குன்னூர் குளிரில் லிக்விட் கூலர் போட்ட பிறகும் ப்ராசஸர் 74 டிகிரி காட்டுகிறது. இது சரியா?

நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி: வீடு குன்னூரில். ப்ராசஸர் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 5800எக்ஸ். பழைய ஏர் கூலரைக் கழற்றிவிட்டு 240 மி.மீ. லிக்விட் கூலர் (பம்பு திரவத்தைக் குழாய் வழியாக ஓட்டும், ரேடியேட்டரில் ஃபேன் காற்று அதை ஆற்றும்) மாட்டியிருக்கிறீர்கள். சும்மா இருக்கும்போது 32-க்கும் 48-க்கும் நடுவே குதித்துக்கொண்டே இருக்கிறது. ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் ரெண்டர் போட்டால் 74-ல் போய் நிற்கிறது. ஸ்வெட்டர் போட்டு உட்காருகிற ஊரிலேயே இவ்வளவு சூடு என்றால் கூலர் சரியாக உட்காரவில்லையோ என்று சந்தேகம்.

பெரும்பாலும் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உறுதியாகச் சொல்ல அந்த 74 மட்டும் போதாது. அந்த நேரத்தில் அறையில் எத்தனை டிகிரி, ப்ராசஸர் எத்தனை வாட் இழுத்தது என்ற இரண்டும் தெரிய வேண்டும்.

நான் ஊட்டியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தெரிந்தவர்களுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் உண்டு. நம் மலையில் 74-ஐப் பார்த்துப் பயப்படுகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 60-ஐப் பார்த்துவிட்டு 'எல்லாம் நல்லா இருக்கு' என்று பக்கவாட்டுக் கதவை மூடிவிடுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் கவலை. கூலர் செய்வதெல்லாம் ப்ராசஸரின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் விடுவதுதான். அறையைவிடக் குளிர்ச்சியாக அதனால் எதையும் ஆக்க முடியாது. ஆகவே திரையில் தெரிகிற எண்ணில் அறையின் வெப்பம் ஒரு பங்கு, அதற்கு மேல் ஏறியிருக்கும் வித்தியாசம் இன்னொரு பங்கு. கூலரின் தரமும் நீங்கள் மாட்டிய விதமும் தெரிவது அந்த வித்தியாசத்தில் மட்டும்தான். டிசம்பர் இரவில் 12 டிகிரி அறையில் 72 காட்டுகிற மெஷினை அப்படியே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் 32 டிகிரி அறையில் வைத்தால் 90-ஐத் தாண்டப் பார்க்கும். 5800எக்ஸுக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பே 90தான். அங்கே போனதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மோசமாக மாட்டிய கூலரைக்கூட நம் ஊர்க் குளிர் மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிடும்.

அதனால் முதலில் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, கேபினட்டில் காற்று உள்ளே போகிற பக்கத்துக்கு அருகில் வையுங்கள். போனில் வரும் வானிலை எண் வெளியே இருக்கிற குளிர், அது இதற்கு உதவாது. ஹீட்டர் போடுகிற வீடு என்றால் அறையின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருக்கும். மேசைக்கு அடியில் கால் சூட்டுக்காக ஹீட்டரை வைத்து, பக்கத்திலேயே கேபினட்டையும் வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அப்படி இருந்தால் ஹீட்டரை முதலில் நகர்த்துங்கள்.

வாட் கணக்குக்கு, கம்ப்யூட்டரின் சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருள் போதும், இலவசம்தான். சென்சார் பட்டியலில் ப்ராசஸருக்கு உரிய பகுதியில் 'டிசிடிஎல்/டிடை' (Tctl/Tdie) என்று ஒரு வரி இருக்கும். அதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய வெப்பநிலை. மதர்போர்டு பகுதியிலும் 'சிபியு' என்று ஒரு வரி வரும், சில போர்டுகளில் அது மெதுவாக நகரும், அதை விட்டுவிடுங்கள். 'சிபியு பிபிடி' (CPU PPT) என்ற வரியில் வாட் தெரியும். 5800எக்ஸுக்குப் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும், எல்லாக் கோர்களும் ஓடும்போது 142 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. இப்போது கணக்குப் பாருங்கள். அறை 15 டிகிரி, ப்ராசஸர் 74, இழுப்பது 140 வாட் என்றால் வித்தியாசம் 59. இந்த ப்ராசஸருக்கு 240 கூலரோடு இது நல்ல எண், கை வைக்க வேண்டாம். அதே 59 வித்தியாசம் 90, 100 வாட்டிலேயே வருகிறதென்றால் கூலரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

140 வாட்டுக்கு 59 அதிகமாகத் தெரியலாம். ஆனால் இந்த ப்ராசஸரின் அமைப்பு அப்படி. எட்டு கோர்களும் ஒரே சின்ன சிலிக்கான் துண்டில் இருக்கின்றன, அதன் பரப்பு ஏறக்குறைய 80 சதுர மி.மீ., சுண்டுவிரல் நகம் அளவு. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூடு மேலே இருக்கும் உலோக மூடிக்கு வருவதே பெரிய பாடு. மூடிக்கு வந்த பிறகுதான் உங்கள் கூலரின் வேலை ஆரம்பிக்கிறது. ஏர் கூலரிலிருந்து லிக்விடுக்கு மாறிய பலரும் "காசுதான் போச்சு, நாலைந்து டிகிரிதான் குறைஞ்சது" என்று வருத்தப்படுவது இதனால்தான். சும்மா இருக்கும்போது குதிப்பதற்கும் இதுவே காரணம். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால்கூட ஒரு கோர் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறிவிட்டுத் திரும்பும், அந்தக் கணத்தில் 48 காட்டும். அதற்காக இனி கவலைப்பட வேண்டாம். சராசரி என்ற நிரலைப் பாருங்கள், உச்சம் என்ற நிரலை அல்ல.

இனி சோதனை. ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துப் பார்க்கும் மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23-இன் மல்டி கோர் சோதனையை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். ஏர் கூலர் என்றால் சில நிமிடத்தில் எண் நிலைத்துவிடும். லிக்விட் கூலரில் உள்ளே இருக்கிற திரவம் மெதுவாகத்தான் சூடாகும், முழுதாக ஏறி நிற்கக் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் பிடிக்கலாம். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதில் பயனே இல்லை.

எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பநிலை வரியை இரண்டு முறை கிளிக் செய்தால் கோட்டுப்படம் வரும். அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எண்ணைவிட இந்தக் கோட்டின் மேல்தான் நம்பிக்கை அதிகம். சோதனை ஆரம்பித்த நொடியில் கோடு முப்பது டிகிரி செங்குத்தாக ஏறும். அது சிலிக்கானுக்கும் மூடிக்கும் இடையிலான விஷயம், இயல்பானது. பிறகு மெல்ல மெல்ல ஏறி ஒரு இடத்தில் படுத்துவிட வேண்டும். ஒரே தாவலில் 90-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் கூலரின் அடியில் உள்ள செம்புத் தட்டு ப்ராசஸரோடு சரியாக ஒட்டவில்லை: திருகு ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம், நடுவே சூடு கடத்தப் பூசும் பேஸ்ட் போதாமல் இருக்கலாம், செம்புத் தட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளை எடுக்காமலே மாட்டியிருக்கலாம். தாவல் சின்னதாக இருந்து, கோடு படுக்காமல் அரை மணிக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் பம்பு, ஃபேன், ரேடியேட்டர் பக்கம் பாருங்கள்.

அப்புறம் சோதனையை நிறுத்துகிற நொடியைத் தவறவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள கூலர் என்றால் 74-லிருந்து ஐந்தாறு நொடியில் 40-க்குப் பக்கம் பொத்தென்று விழும், பிறகு அங்கிருந்து நிதானமாக இறங்கும். அந்த 40 ஏறக்குறைய உள்ளே இருக்கிற திரவத்தின் சூட்டைச் சொல்கிறது. விழும்போது 60-லேயே தடுக்கி நின்று அங்கிருந்து ஊர்ந்தால், திரவமே மிகவும் சூடாகிப் போயிருக்கிறது, சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம். கையையும் பயன்படுத்துங்கள். லோடில் ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ப்ராசஸர் 90-ல் தவிக்கும்போது ரேடியேட்டர் சில்லென்று இருந்தால் திரவம் ஓடவில்லை.

இதைக் கோத்தகிரியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் நேரிலேயே பார்த்தேன். புது கூலர், மாட்டியதில் குறையே இல்லை. ஆனால் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் வரம்பைத் தொடுகிறது. ஒரு குழாய் சுடுகிறது, பக்கத்துக் குழாய் பச்சைத் தண்ணீர் மாதிரி. பம்பின் ஒயரை கேபினட் ஃபேனுக்கான இணைப்பில் செருகியிருந்தார்கள். அந்த இணைப்புக்குப் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரையில்) 'சைலன்ட்' அமைப்பு, அதுவும் போர்டின் வெப்பத்தைப் பார்த்து வேகம் தீர்மானிக்கிற மாதிரி. சமவெளியில் போர்டே 35, 40 இருக்கும், பம்பு எப்படியோ ஓடிவிடும். இங்கே விடிகாலையில் போர்டு 15 டிகிரி. குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது என்று மின்னழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, பம்பு சுற்றவே முடியாத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. பம்புக்கு என்றே உள்ள இணைப்புக்கு ஒயரை மாற்றி, பயாஸில் எப்போதும் முழு வேகம் என்று வைத்ததும் சரியாகிவிட்டது. உங்கள் மெஷினிலும் இதை இன்றே பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் பம்பின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), கம்பெனி சொன்ன அளவுக்குப் பக்கத்தில், காலைக் குளிரிலும் மாறாமல் இருக்க வேண்டும். ஃபேன் வேகம் கூடிக் குறையலாம், பம்பு கூடாது.

ரேடியேட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கேபினட்டின் மேல் பக்கம் என்றால் நல்லது. முன் பக்கம் என்றாலும் சரி, ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரமாக இருந்தால் போதும். உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று எப்போதும் மேலே போய்ச் சேரும், அது பம்பில் சேரக்கூடாது.

'மலை மேல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமே, கூலருக்குள் ஒன்றும் ஆகாதா' என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். குன்னூரில் 94 டிகிரி வாக்கில் கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ப்ராசஸர் 80-ல் இருக்கும்போதும் கூலருக்குள் திரவம் 30, 40 டிகிரியில்தான் இருக்கும். கொதிநிலைக்குப் பக்கத்திலேயே அது போவதில்லை. உயரத்தால் வேறு ஒரு பாதிப்பு உண்டு. 1,850 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்று லேசானது, அள்ளிக்கொண்டு போகும் சூடும் குறைவு. அதனால் சமவெளியில் எடுத்த விமர்சன எண்களைவிட உங்கள் வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக வந்தால் கூலரைக் குறை சொல்ல வேண்டாம்.

மூடுபனி நேரத்தில் குழாய்மேல் தண்ணீர் துளிர்க்குமோ என்றும் பயப்பட வேண்டாம். அறையைவிடக் குளிராத பொருளின்மேல், அது ஓடிக்கொண்டிருக்கும்போது, ஈரம் படியாது. இரவுக் குளிரில் வண்டியில் கொண்டுவந்த கேபினட்டைச் சூடான அறைக்குள் வைத்த உடனே போடுவதுதான் ஆபத்து. ஒரு மணி நேரம் பொறுத்துப் போடுங்கள்.

இன்று வரும் அறை வெப்பம், வாட், ப்ராசஸர் வெப்பம், பம்பு ஆர்பிஎம் நான்கையும் ஒரு தாளில் எழுதி கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் அறை 25-ஐத் தொடுகிற ஒரு மதியம் அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். 74 என்பது 84 ஆகியிருக்கும், அது பரவாயில்லை. 59 அப்படியே இருந்தால் கூலர் நன்றாக இருக்கிறது. 59 என்பது 68, 70 என்று போயிருந்தால் முதலில் ரேடியேட்டர் தூசி, அடுத்து பேஸ்ட், கடைசியில் பம்பு. வாரண்டிக்காகக் கூலரை மலை இறக்கி அனுப்புவதற்கு முன்னால் இந்த வரிசையிலேயே பாருங்கள்.