பிள்ளைச் செயன்முறையைத் தொடக்கியபின் அதைக் கவனிப்பது யார்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்காகப் பைதனில் இணையச் செயலி ஒன்றை எழுதியிருக்கிறேன். ஆசிரியர்கள் வகுப்பு வீடியோவைப் பதிவேற்றியதும் செயலி எஃப்எஃப்எம்பெக் நிரலை ஓடவிட்டு, கைத்தொலைபேசியில் பார்க்கக்கூடிய சிறிய அளவுக்கு அதை மாற்றுகிறது. பத்து நிமிட வீடியோ என்றால் சில வேளை 504 என்ற பிழைப் பக்கம் வந்தாலும், பிறகு பார்க்கும்போது வீடியோ மாறியிருக்கும். ஒன்றரை மணித்தியால வீடியோ என்றால் ஐந்தாறு நிமிடம் ஓடிவிட்டு எந்தச் செய்தியும் இல்லாமல் நின்றுவிடுகிறது. பிரவுசரை மூடினாலும் சேர்வரில் அது அப்படியே கிடக்கிறது. செயன்முறைப் பட்டியலில் ஸொம்பி என்றும் சில தெரிகின்றன. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சேர்வரை நிறுத்தித் தொடக்க வேண்டியிருக்கிறது. தமிழில் நீண்ட பெயர் வைத்த கோப்புகளும், பெயரில் அடைப்புக்குறி உள்ள கோப்புகளும் தனியாகச் சிக்கல் தருகின்றன. சேர்வரின் நினைவகத்தைக் கூட்டினால் சரிவருமா? இதையே விண்டோஸ் டெஸ்க்டொப் செயலியாகச் செய்தால் இந்தத் தொல்லை இருக்காதா?

பதில்: நினைவகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். “ஐந்தாறு நிமிடம்” என்று நீங்கள் எழுதியதிலேயே நோயின் பாதி தெரிந்துவிட்டது.

எஃப்எஃப்எம்பெக் ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை சட்டகம் முடிந்தது, என்ன வேகம் என்ற நிலவர வரியைத் தன் பிழை வெளியீட்டில், அதாவது 2 ஆம் இலக்க வெளியீட்டில், அரை விநாடிக்கு ஒருமுறை எழுதுகிறது. வரி ஒன்று ஏறத்தாழ 100 பைட். உங்கள் செயலி அந்த வெளியீட்டைத் தன் பக்கம் வரும் ஒரு குழாயில் இணைத்துவிட்டு, குழாயிலிருந்து ஒன்றையும் வாசிக்காமல், பிள்ளைச் செயன்முறை (தாயான உங்கள் செயலி தொடக்கிவிட்ட எஃப்எஃப்எம்பெக்) முடியட்டும் என்று காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். லினக்ஸில் இத்தகைய குழாய் ஒன்றின் வழமையான கொள்ளளவு 65,536 பைட். விநாடிக்கு 200 பைட் வீதம் அது நிரம்ப ஏறத்தாழ 327 விநாடி, அதாவது ஐந்தரை நிமிடம் எடுக்கும். குழாய் நிரம்பியதும், யாராவது வாசித்து இடம் விடும்வரை எழுதும் நிரலை இயக்க முறைமையின் மையமான கருவகம் நிறுத்தி வைக்கும். பிள்ளை தாயின் வாசிப்புக்காகவும் தாய் பிள்ளையின் முடிவுக்காகவும் காத்திருக்க, இரண்டும் அசையாது. இதில் யாரும் பிழைவிடவில்லை என்பதால்தான் பிழைச் செய்தியும் இல்லை. ஐந்தரை நிமிடத்துக்குள் மாற்றி முடிகிற சிறிய வீடியோக்கள் குழாய் நிரம்புமுன் தப்பிவிடுகின்றன.

இதை ஊகமாக விட வேண்டியதில்லை. நின்றுபோன செயன்முறையின் இலக்கத்தைக் கொடுத்து, ஒரு நிரல் கருவகத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். எழுதும் அழைப்பு ஒன்று, அடைப்புக்குறிக்குள் முதலில் 2 என்ற இலக்கம், அதன்பின் நிலவர வரியின் தொடக்கம் ஆகியவை தெரியும். அந்த அழைப்பு முடிந்து திரும்பிய விடை மட்டும் வராது. சேர்வரை மறுபடி தொடக்குவதை மட்டுமே வைத்தியமாகச் செய்துகொண்டிருப்பவர்கள் அந்த ஒரு வரியை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு குழாயை மறக்கவே மாட்டார்கள்.

திருத்தம் எளியது. பைதனின் சப்புரோசஸ் தொகுதியில் உள்ள கொம்யூனிகேட் என்ற முறை, காத்திருக்கும்போதே குழாய்களை வாசித்துக்கொண்டும் இருக்கும். ஆனால் வாசித்த எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்க்கும். நீண்ட வேலைகளுக்கு நான் விரும்புவது வேறு வழி: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவுக் கோப்பைத் திறந்து, பிழை வெளியீட்டை நேரே அதற்குள் விட்டுவிடுங்கள். கோப்புக்குக் குழாயின் கொள்ளளவு கிடையாது. வேலை பழுதானால் மறுநாள் எடுத்து வாசிக்கவும் ஒன்று கையில் இருக்கும். அதோடு உள்ளீட்டையும் வெறுமைச் சாதனத்துக்குத் (வாசித்தால் ஒன்றும் தராத /dev/null) திருப்பிவிடுங்கள். ஒரே பெயரில் வெளியீட்டுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் “மேலெழுதவா?” என்று எஃப்எஃப்எம்பெக் கேட்டு விடைக்காகக் காத்திருக்கும், சேர்வரில் அதற்கு விடை சொல்ல ஆளில்லை.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. நீங்கள் வீடியோ மாற்றத்தை ஒரு வலை வேண்டுகோளின் உள்ளேயே வைத்து நடத்துகிறீர்கள். முன்னால் நிற்கும் வலைச் சேர்வரான என்ஜின்எக்ஸ், பின்னாலிருந்து எதுவும் வராமல் 60 விநாடி கழிந்தால், தன் இயல்பான அமைப்பின்படி கைவிட்டு 504 என்று சொல்லிவிடும். ஜியூனிகோர்ன் போன்ற செயலிச் சேர்வர் 30 விநாடியில் பொறுமையிழந்து, அந்த வேண்டுகோளைப் பார்த்துக்கொண்டிருந்த பணியாளனையே கொன்றுவிடவும் கூடும். தாய் இறந்தால் பிள்ளையும் இறந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். யுனிக்ஸ் வழியில் அப்படி இல்லை. அநாதையான பிள்ளையை வழமையாக 1 ஆம் இலக்கச் செயன்முறை பொறுப்பேற்கும். பிள்ளை தன் பாட்டில் ஓடும். இதற்கிடையில் 504 பக்கத்தைக் கண்ட ஆசிரியர் “ஏறவில்லைப் போல” என்று மறுபடி அழுத்துவார்; அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்றுதரம் அழுத்தினால் ஒரே வீடியோவை மூன்று எஃப்எஃப்எம்பெக் மாற்றும். நினைவகம் போதவில்லை என்று உங்களை எண்ண வைத்தது இதுதான்.

ஆகவே வேண்டுகோளையும் வேலையையும் பிரியுங்கள். பதிவேற்றம் வந்ததும் தரவுத்தளத்தில் உள்ள ஓர் அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்து, “காத்திருக்கிறது” என்று குறித்து, வேலை இலக்கத்தை ஆசிரியருக்கு உடனே காட்டிவிடுங்கள். தனியாக ஓடும் ஒரு பணியாளன் நிரல் அந்த அட்டவணையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யட்டும். பக்கம் சில விநாடிக்கு ஒருமுறை நிலையைக் கேட்டுக்கொள்ளட்டும். வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபடுத்திக் கொடுக்கவென்றே பெரிய மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு கல்வி நிலையத்துக்கு, ஒரே சேர்வருக்கு, அவை தேவையில்லை என்பதே என் எண்ணம். ஓர் அட்டவணையும் நூறு வரிப் பணியாளனும் போதும். பணியாளனை, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டீயின் கீழ் ஒரு சேவையாக வைத்தால், சேவையை நிறுத்தும்போது அதன் கட்டுப்பாட்டுக் குழுவில் உள்ள பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்தே அது நிறுத்தும். அதுவே அதன் இயல்பான நடத்தை. ஒரே நேரத்தில் ஒரு மாற்றம், மிஞ்சினால் இரண்டு என்று எல்லை வையுங்கள்.

நேர எல்லை வைக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. கட்டளையை, கட்டளை வரிகளை வாசித்து நடத்தும் ஷெல் வழியாக ஓடவிட்டால், உங்கள் கையில் இருக்கும் செயன்முறை இலக்கம் ஷெல்லுடையதாக இருக்கலாம். நேரம் முடிந்ததும் ஷெல் கொல்லப்படும், அதன் கீழிருந்த எஃப்எஃப்எம்பெக் தப்பிவிடும். பிள்ளையைப் புதிய அமர்வில் தொடக்கி, கொல்ல வேண்டி வந்தால் அந்தச் செயன்முறைக் குழுவுக்கே சமிக்ஞை அனுப்புங்கள். முதலில் முடித்துக்கொள் என்று கேட்கும் 15 ஆம் சமிக்ஞை, சில விநாடி அவகாசம், அதற்கும் அசையாவிட்டால் உடனே கொல்லும் 9. எடுத்த எடுப்பில் 9 அனுப்பினால் நிரலுக்குத் தன் கோப்பை ஒழுங்காக மூட வாய்ப்பே இராது.

செயன்முறைப் பட்டியலில் சில ஸொம்பிகள் தெரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவை முடிந்துபோன, ஆனால் எப்படி முடிந்தது என்று சொல்லும் இலக்கமான முடிவுக் குறியைத் தாய் இன்னும் பெற்றுக்கொள்ளாத பிள்ளைகள். செத்ததை மறுபடி கொல்ல முடியாது. தாய் அந்தக் குறியைக் கேட்டு வாங்கினால் மறைந்துவிடும். சேர்வர் மந்தமாவதற்கு இவற்றைக் குற்றம் சாட்டுவது வழக்கம், ஆனால் இவை பட்டியலில் ஓர் இடத்தைத் தவிர வேறெதையும் பிடித்திருப்பதில்லை.

முடிவுக் குறியை வாங்கினால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். 0 என்றால் நிரல் தன்னளவில் சரியாக முடிந்தது. ஷெல் வழியாக வரும் 127 அந்தக் கட்டளை அகப்படவில்லை என்பது. கையால் ஓடுகிறது, சேவையாக ஓடவில்லை என்ற புலம்பலில் பாதி இதுதான், ஏனெனில் சேவையின் பயனரும், கட்டளைகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் தேடற்பாதையும் உங்களுடையவை அல்ல. நிரலின் முழுப் பாதையை எழுதிவிடுங்கள். ஷெல் வழியாக வரும் 137 என்பது 128 உடன், கொல்லும் சமிக்ஞையின் 9 சேர்ந்தது. நீங்கள் கொல்லாமலே அது வந்தால், நினைவகம் முடிந்து கருவகம் கொன்றிருக்கலாம், அப்போது நினைவகத்தைப் பற்றி யோசியுங்கள். இன்னொன்று: மூல வீடியோவின் நடுவில் பழுது இருந்தாலும் எஃப்எஃப்எம்பெக் முணுமுணுத்துவிட்டு 0 என்று முடிக்கக்கூடும். மாறிய வீடியோவின் நீளத்தை மூலத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் “முடிந்தது” என்று குறிக்க வேண்டும்.

கோப்புப் பெயர்ச் சிக்கலுக்கு இரண்டு வேர். அடைப்புக்குறி, இடைவெளி, அரைப்புள்ளி எல்லாம் ஷெல்லுக்குப் பொருளுள்ள குறிகள். பெயரையும் கட்டளையையும் ஒரே சரமாக ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால், அரைப்புள்ளிக்குப் பின்னால் ஒருவர் எழுதியிருப்பது இன்னொரு கட்டளையாகவே ஓடும். 2016 இல் இமேஜ்மெஜிக் மென்பொருளில் வெளிவந்து உலகம் முழுவதும் வலைத்தளங்களைப் பதறவைத்த குறை இந்த வகையானதுதான்: பதிவேற்றிய படத்துக்குள் இருந்த எழுத்துகள் வடிகட்டப்படாமல் ஷெல்லுக்குப் போயின. ஷெல்லைத் தவிர்த்து, நிரலின் பெயரையும் ஒவ்வொரு தெரிவையும் தனித்தனி உறுப்பாக ஒரு பட்டியலில் கொடுங்கள்.

மற்ற வேர் தமிழின் நீளம். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்ரி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையான யூரிஎஃப்-8 இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். “கணிதம்” என்பதில் விசிறியையும் (“ணி”யின் மேல்வளைவு) புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால் 6 குறி, 18 பைட். ஆகவே 85 குறியோடு இடம் முடிந்துவிடும். பாடம், தரம், அலகு, ஆசிரியர் பெயர் எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் எழுதும் நம்மவர் வழக்கத்துக்கு அது போதாது. பிஎச்பியில் எழுதும் நண்பர்களுக்கு இன்னொரு பொறி: மொழி அமைப்பு யூரிஎஃப்-8 ஆக இல்லாத சேர்வரில், ஷெல்லுக்கான பாதுகாப்புச் சார்பு தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, வன்தட்டில் கோப்புக்கு வேலை இலக்கத்தையே பெயராக வைத்து, ஆசிரியர் கொடுத்த பெயரைத் தரவுத்தளத்தில் வைத்திருப்பது.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை இருட்டில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை வழமையாகக் கடைசியில்தான் எழுதப்படும். ஆகவே பாதியில் அறுந்த கோப்பு பாதி வீடியோ அல்ல, திறக்கவே திறக்காத ஒன்று. தற்காலிகப் பெயரில் எழுதி, சரிபார்த்த பின்பே உரிய பெயருக்கு மாற்றுங்கள். பணியாளன் எழும்பியதும் “ஓடுகிறது” என்று கிடக்கும் வரிசைகளை மறுபடி “காத்திருக்கிறது” ஆக்கட்டும்.

டெஸ்க்டொப் செயலியாகச் செய்தால் தொல்லை குறையாது, வேறு உருவில் வரும். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு, லொறி நிறுக்கும் தராசிலிருந்து எடையை வாசித்துச் சிட்டை அடிக்கும் செயலி ஒன்றை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். எடையை வாசிப்பது ஒரு சிறிய துணை நிரல். என் செயலி அதைத் தொடக்கி, தன் திரையை வரையும் அதே இழையில் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்) விடைக்காகக் காத்திருக்கும். ஜன்னல் 5 விநாடி பேசாமல் இருந்தால் “பதிலளிக்கவில்லை” என்று விண்டோஸ் குறித்துவிடும். பெரும்போக அறுவடை நேரம், நெல் லொறிகள் வாசலில் வரிசையாக நிற்க, கணக்குப்பிள்ளை செயலியை டாஸ்க் மேனேஜரில் கொன்றுவிட்டு மறுபடி திறந்தார். விண்டோஸிலும் பிள்ளை தாயோடு சாவதில்லை. பழைய துணை நிரல் தராசின் தொடர் துறையை விடாமல் பிடித்திருந்தது. அந்தத் துறையை ஒரு நேரத்தில் ஒருவரே திறக்கலாம். புதிய துணை நிரலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அன்று மத்தியானம்வரை எடையைக் கையால் எழுதினார்கள். அவர் என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பின் இரண்டு மாற்றம் செய்தேன். காத்திருப்பதைத் தனி இழைக்கு மாற்றினேன். துணை நிரலை, செயன்முறைகளை ஒரு கூட்டாகக் கட்டிவைக்கும் விண்டோஸின் ஜொப் ஒப்ஜெக்ட் ஒன்றுக்குள் போட்டு, அதன் கடைசிக் கைப்பிடி மூடும்போது உள்ளே இருப்பவை எல்லாம் முடிக்கப்பட வேண்டும் என்ற தெரிவை இட்டேன். தாய் எப்படிச் செத்தாலும் அதன் கைப்பிடியை விண்டோஸ் மூடுவதால், பிள்ளை மிஞ்சுவதில்லை. மைக்ரோசொஃப்டின் டொட்நெற்றில் எழுதினால் வெளியீட்டைத் திருப்பிவிட்டு வாசிக்காமல் முடிவுக்குக் காத்திருக்கும் அதே குழாய்ப் பொறி அங்கும் உண்டு. விண்டோஸ் சேவை ஒன்றிலிருந்து ஜன்னலுள்ள நிரலைத் தொடக்கினால், விஸ்டாவிலிருந்து சேவைகள் தனி அமர்வில் ஓடுவதால், அந்த ஜன்னல் யார் கண்ணிலும் படாது. நிரல் ஏதாவது கேள்வி கேட்டு நின்றால் உங்களுக்கு அது தெரியவே வராது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் பிழை வெளியீட்டைப் பதிவுக் கோப்புக்கு விடும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி, அதே ஒன்றரை மணித்தியால வீடியோவை ஓடவிட்டு, ஆறாவது நிமிடத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாவிட்டால் பதிவுக் கோப்பின் கடைசி 20 வரிகளையும் முடிவுக் குறியையும் எனக்கு அனுப்புங்கள்.